கேமராவோடு திருமணத்துக்கு வரும் விருந்தினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உறவினர்களே, நண்பர்களே,

ஆசைக்காகப் படமெடுப்பவர்கள் நாம். அந்த உரிமையில் ஒரு வேண்டுகோள். முக்கியமான சடங்கு நடக்கும் அந்த ஒரு நிமிடத்தில், தயவுசெய்து மணமக்களுக்கு முன்னால் போய் நிற்காதீர்கள்.

அந்தக் காட்சிக்கென்றே ஒருவரைப் பணம் கொடுத்து அமர்த்தியிருக்கிறார்கள். அவர் ஷட்டரை அழுத்தும் நொடியில் உங்கள் ஃபிளாஷும் மின்னினால், அவருடைய படத்தில் மணமகளின் முகம் வெளிறிப்போகும். குறுக்கே நீளும் கைபேசியாலும் இதே கதிதான். கெட்டுப்போன அந்தப் படத்தை யாராலும் மறுபடி எடுக்க முடியாது.

கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். சற்றுத் திரும்பி நில்லுங்கள், போதும். எல்லோருடைய கண்ணும் மேடைமேல் இருக்கும்போது, முன்வரிசையில் மணமகளின் பாட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவர்தான் அவளை வளர்த்தவர் என்பது புகைப்படக்காரருக்கு எப்படித் தெரியும்? நெடுநாள் பேசாதிருந்த அண்ணன் தம்பி இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதன் அருமையும் உங்களுக்குத்தான் தெரியும். எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் இந்த அறிமுகம் கிடைக்காது. இதைப் பயன்படுத்தாமல் முன்னால் போய் முண்டியடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அரங்க வெளிச்சம் நம் கண்ணுக்குப் போதும், கேமராவுக்குப் போதாது. கேமராவோடு சேர்த்து விற்கும் ஜூம் லென்ஸ், முழு ஜூமில் பெரும்பாலும் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும்). எஃப் 1.8 அளவுள்ள சாதாரண 50 மி.மீ. லென்ஸ் அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 1600, 3200 என்று உயர்த்தத் தயங்க வேண்டாம். அதனால் படத்தில் புள்ளி விழுந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். அசைந்து கலங்கிய படத்தை என்ன செய்வது? ஷட்டர் 1/125 நொடிக்கு மேல் திறந்திருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பத்தை எஃப் 1.8-இல் எடுத்தால் பின்வரிசை தெளிவிழந்து மங்கிவிடும், அங்கே எஃப் 5.6-க்குப் போங்கள். ஃபிளாஷ் இல்லாமல் முடியாது என்றால் அதை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்புங்கள். குழந்தைகளை அவர்கள் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள்.

முடிந்ததும் எடுத்ததையெல்லாம் அள்ளிக் கொட்டாமல், நல்லதாக இருபது முப்பது படங்களைத் தேர்ந்தெடுத்து ஓரிரு நாளில் மணமக்களுக்கு அனுப்புங்கள். அவர்களுடைய ஆல்பம் வரும்வரை பார்த்து மகிழ அவைதான் இருக்கும். சமூக ஊடகத்தில் போடுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தங்கள் திருமணப் படத்தை முதலில் வெளியிடும் உரிமை அவர்களுக்கே உரியது.

இப்படிக்கு,
உங்களைப் போலவே கேமராவோடு வரும் விருந்தினர் ஒருவர்