வெட்டிய இடத்தைத் தேடிப் போ: பிராட்ஃபீல்டு காட்டுக்குக் கிளம்பும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

ஏப்ரல் கடைசியில் இரண்டு நாள் விடுப்பு இருக்கிறது, புளூபெல் என்ற நீலப் பூ பூத்த காட்டைப் பார்க்க வேண்டும், இங்கிலாந்தின் சஃபோக்கில் நீ இருக்கும் பெரி செயின்ட் எட்மண்ட்ஸிலிருந்து எங்கே போகலாம் என்று கேட்டிருந்தாய். உன் ஊருக்குத் தென்கிழக்கே பத்துப் பதினொரு கிலோமீட்டரில் பிராட்ஃபீல்டு காடு இருக்கிறது. சஃபோக் வைல்ட்லைஃப் டிரஸ்ட் பராமரிக்கும் தேசிய இயற்கைக் காப்பிடம். அங்கேயே போ. ஆனால் புளூபெல்லைப் படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்பிவிடாதே. அந்தக் காட்டை எப்படிப் பார்ப்பது என்பதற்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

காட்டுக்குள் போனதும் உன்னைத் திடுக்கிட வைக்கப் போவது, வெட்டித் தள்ளிய வெற்றிடம். ஒரு மைதானத்தில் கால் பங்கு அளவுக்கு மரமெல்லாம் தரையோடு வெட்டப்பட்டு, கழிகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். பலர் அதைப் பார்த்து மனம் நொந்துபோகிறார்கள். நீ நொந்துகொள்ளாதே. 1252 முதல் எழுத்துப் பதிவு உள்ள வேலை அது. அப்போது இந்தக் காடு பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துத் துறவிகளுடையது. 1539இல் மடம் கலைக்கப்பட்டது, வெட்டு நிற்கவில்லை. உண்மையில் இந்தக் காட்டுக்கு ஆபத்து வந்தது 1960களின் பிற்பகுதியில்தான். விளைநிலமாக்குவதற்காக ஒரு பெரும் பகுதியை வேரோடு பெயர்த்துவிட்டார்கள். எஞ்சியது 1970இல் இயற்கைப் பாதுகாப்பாளர்கள் கைக்கு வந்து தப்பியது. வெட்டினால் காடு பிழைக்கும், பெயர்த்தால்தான் சாகும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு நட.

இந்த முறைக்குக் காப்பிஸ் என்று பெயர். நம் ஊர்க் கட்டைக் கரும்பை நினைத்துக்கொள். கரும்பை வெட்டியபின் அதே கட்டையிலிருந்து மறுதாம்பு தழைக்கிறதல்லவா? அதேபோல ஹேசல், ஆஷ் மரங்களைக் குளிர்காலத்தில், இலை உதிர்ந்து பறவைகள் கூடு கட்டத் தொடங்குமுன், தரையை ஒட்டிச் சாய்வாக வெட்டுவார்கள். சாய்வு எதற்கென்றால், மழைநீர் வழிந்தோடினால் தூர் அழுகாது. வசந்தத்தில் ஒவ்வொரு தூரிலிருந்தும் பல குருத்துகள் நேராகக் கிளம்பும். ஹேசலை ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறையும், ஆஷை இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறையும் வெட்டலாம். விறகு, அவரைப் பந்தல் கழி, படல், கூரை வேயும் முளை, வைக்கோல் வாரியின் காம்பு எல்லாம் இந்தக் கழிகளிலிருந்து வந்தவை. வெட்டாத ஆஷ் மரம் இருநூறு ஆண்டு போல வாழும். வெட்டி வெட்டித் தழைக்கும் தூர் அதைத் தாண்டிப் போகும். இங்குள்ள ஆஷ் தூர்களில் சில ஆயிரம் ஆண்டு பழையவை என்று மதிப்பிடுகிறார்கள். நடுவில் பல தண்டு கிளம்பி, வளையம்போல விரிந்து கிடக்கும் தூரைக் கண்டால் அது ஒரே மரம் என்று அறிந்துகொள்.

காடு முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டுவதில்லை. கூறு கூறாகப் பிரித்து, ஆண்டுக்குச் சில கூறுகள்தான். அதனால் அரை மணி நடையில் ஒரே காட்டின் ஒவ்வொரு வயதையும் பார்த்துவிடலாம். கூறின் வயதைக் கண்ணளவில் சொல்லப் பழகு, மற்றதெல்லாம் தானாக வரும்.

போன குளிர்காலத்தில் வெட்டிய கூறில் வெயில் தரையைத் தொடும், தூர்களின் வெட்டுமுகம் இன்னும் வெளுப்பாக இருக்கும், பூ அதிகம் இராது. அதைக் கடந்து, குருத்துகள் இடுப்பு முதல் ஆள் உயரம்வரை வந்த கூறைத் தேடு. வெட்டி இரண்டாவது, மூன்றாவது வசந்தத்தில்தான் பூ உச்சத்துக்குப் போகும். நிழலில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த கிழங்குக்கும் வேருக்கும் ஒரு முழுக் கோடை வெயில் கிடைத்து, உணவைச் சேர்த்துவைத்து, அடுத்த வசந்தத்தில் கொட்டித் தீர்க்கின்றன. புளூபெல் பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதிர்ந்த மரநிழலையே தேடிப் போகிறார்கள். நீ மூன்றாம் ஆண்டுக் கூறைத் தேடிப் போ. நான்காம் ஆண்டில் முட்புதர் மூடிக்கொள்ளும். ஐந்திலிருந்து எட்டுவரை உள்ளே நுழைய முடியாத அடர்த்தி. பத்தைத் தாண்டினால் மேலே இலை கூடிவிடும், தரை இருண்டு வெறிச்சோடும்.

புதுக்கூறைச் சுற்றி வேலியோ, வெட்டிய சுள்ளியைக் குவித்த அரணோ இருக்கும். மான் நுழையாமலிருக்க அது. சீனாவிலிருந்து கொண்டுவந்து, தப்பிப் பரவிய முன்ட்ஜாக் மான்தான் முக்கிய எதிரி. அரை மீட்டர் உயரம், முதுகு வளைந்த சிறு மான், நாய்போல விடாமல் குரைக்கும். குருத்தை வந்ததும் வந்ததும் கடித்துக்கொண்டே இருந்தால் தூர் சேமித்த உணவு தீர்ந்து செத்துவிடும். எண்ணூறு ஆண்டு வெட்டுக்குத் தாங்கிய தூர், கடிக்குத் தாங்காது. படம் எடுப்பதற்காக அந்த அரணில் இடைவெளி உண்டாக்கி உள்ளே போகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நீ செய்யாதே.

ஏப்ரலில் புளூபெல்லைவிட அருமையான ஒன்று இங்கே பூக்கும். ஆக்ஸ்லிப். இங்கிலாந்தில் சஃபோக், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ்ஷர் பகுதிக் களிமண் காடுகளை விட்டால் வேறெங்கும் பார்ப்பது அரிது. ஒற்றைத் தண்டின் நுனியில் வெளிர் மஞ்சள் பூக்கள் கொத்தாக, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து தொங்கும். பூக்கள் சுற்றிலும் எல்லாத் திசையையும் பார்த்தால் அது ப்ரிம்ரோஸும் கௌஸ்லிப்பும் கலந்த ஒட்டு. பூ சிறிதாக, அடர் மஞ்சளாக, உள்ளே ஆரஞ்சுப் புள்ளியோடு புல்வெளியில் நின்றால் அது கௌஸ்லிப். ஏப்ரல் நடு வாரங்கள்தான் ஆக்ஸ்லிப்புக்கு நல்ல காலம். புளூபெல் ஏப்ரல் கடைசி முதல் மே முதல் பாதிவரை. உன் விடுப்பில் இரண்டும் சேர்ந்து கிடைக்க வாய்ப்பிருக்கிறது. இங்குள்ள உள்நாட்டுப் புளூபெல்லுக்குத் தண்டு நுனி வளைந்து, பூ ஒருபக்கமாகத் தொங்கும், மகரந்தம் பாலேடு நிறம், நல்ல மணம். தோட்டங்களில் பார்க்கிற ஸ்பானிய வகை நிமிர்ந்து நிற்கும், மணம் குறைவு.

பூவுக்குள் காலை வைக்காதே. நசுங்குவது பூ மட்டுமென்றால் பரவாயில்லை. இலை நசுங்கினால் அந்த ஆண்டு கிழங்குக்கு உணவு சேராது, மீள ஆண்டுகள் ஆகும். களிமண் வேறு, மிதித்தால் இறுகிக் காற்றுப் போகாது. காட்டுப் பூண்டின் மணம் வந்தாலும் இலையைப் பறிக்காதே. காப்பிடத்தில் பறிப்பது முறையல்ல என்பது ஒருபுறம். பூண்டுக்கு நடுவிலேயே லார்ட்ஸ் அண்ட் லேடீஸ் என்ற நச்சுச்செடி முளைக்கும், இளம் இலையில் இரண்டும் குழப்பும்.

பறவைக்காகப் போவதென்றால் மே முதல் வாரத்தில் ஒரு விடியல். அப்போது சூரியன் ஐந்தரைக்குச் சற்று முன் உதிக்கும், நீ நாலரைக்கே உள்ளே நிற்க வேண்டும். ராபின், பிளாக்பேர்டு, சாங் த்ரஷ் முதலில் தொடங்கும், பிறகு ரென், அதற்குப் பின் பிளாக்கேப் முதலான சிறு பாடகர்கள். எல்லாம் கலந்துவிடும் முன் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்க அந்த முக்கால் மணிதான். சிஃப்சாஃப் தன் பெயரையே சொல்லும், அதிலிருந்து தொடங்கினால் காது பழகும். நைட்டிங்கேல் தேடும் இடம் அந்த ஐந்து முதல் எட்டு வயதுக் கூறுதான். ஆனால் 1960களின் பிற்பகுதியிலிருந்து பிரிட்டனில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்துவிட்டது, அதை நம்பிப் போகாதே. அதன் பாட்டைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைப்பது பெருந்தவறு. எதிரி வந்துவிட்டதென்று ஆண் பறவை கூட்டை விட்டு வந்து வீணாக அலையும். இன்னொன்று, இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு விடியலுக்குக் கார் ஓட்டிக்கொண்டு வராதே. அடுத்த வாரம் வந்தாலும் பறவை பாடும்.

பைனாகுலர் வாங்கினால் 8×42. பெரிதாக்கும் அளவு 8, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். 42ஐ 8ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை ஐந்து மில்லிமீட்டருக்குமேல், மரநிழலில் அதுதான் கை கொடுக்கும். சட்டைப்பைக்குள் அடங்கும் 10×25 காட்டுக்குள் இருண்டு தெரியும், கை நடுக்கத்தையும் பெரிதாக்கும், பார்க்கும் பரப்பும் குறுகல். அதைவிட முக்கியம் நிற்பது. ஒரு முனையில் பத்து நிமிடம் அசையாமல் நின்றால், ஒரு மணி நேரம் நடந்தால் பார்ப்பதைவிட அதிகம் பார்ப்பாய். ஜூலையில் வந்தால் நிழலுக்குள் போகாதே. ரைடு என்று சொல்லும் அகலமான புல்பாதைகளில் வெயிலேறிய பின் நில். முட்புதர்ப் பூவில் சில்வர் வாஷ்டு ஃப்ரிட்டிலரி பட்டாம்பூச்சி இறங்கும்.

உடுப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். களிமண் ஏப்ரல்வரை உலராது, முழங்கால் ரப்பர் பூட்ஸ் போடு. ஜீன்ஸ் நனைந்தால் காயாது. மாற்றுக் காலுறை ஒன்று. குறிகளைப் பின்பற்றினால் வழி தவறாது. ஆனால் இங்கிலாந்தில் எந்தக் காட்டுக்குள்ளும் நுழையலாம் என்ற உரிமை இல்லை. அடையாளமிட்ட பாதையிலேயே நட, சுற்றியுள்ள வயல்களில் மஞ்சள் அம்பு இருந்தால் அது நடப்பவர்களுக்கான பொதுப்பாதை.

உண்ணியை மட்டும் அலட்சியம் செய்யாதே. வெளிர் நிறப் பேன்டை காலுறைக்குள் செருகு, ஏறினால் தெரியும். வீட்டுக்கு வந்து முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமயிர் ஓரம் பார். ஒட்டியிருந்தால் கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழு. எண்ணெய் தடவுவதும் நெருப்பு காட்டுவதும் வேண்டாம். உண்ணிக் கடியால் வரும் லைம் நோயின் வளையத் தடிப்பு பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் வரும். நம் தோல் நிறத்தில் அது எடுப்பாகத் தெரியாது, தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பார்த்து, சந்தேகமென்றால் மருத்துவரிடம் காட்டு.

ஆஷ் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடாதே. 2012இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் ஆஷ் மரங்களை நுனியிலிருந்து கொன்றுகொண்டு வருகிறது. நோய்பட்ட கிளை காற்றில்லாத நாளிலும் முறிந்து விழும். ஆஷ் நிறைந்த இந்தக் காட்டுக்கு இதைவிடப் பெரிய இழப்பு வராது.

அக்டோபரில் இன்னொரு முறை போ. அப்போது பத்து, பதினைந்து வயதுக் கூறின் ஓரத்தில், ஹேசலின் அடியில் குனிந்து கொட்டை பொறுக்கு. டார்மௌஸ் என்ற கட்டைவிரல் நீளப் பொன்னிற எலி இந்தக் காட்டில் இருக்கிறது. இரவில் கிளையிலேயே திரியும், குளிர்காலம் முழுக்கத் தரையில் கூட்டுக்குள் உறங்கும், அதை நேரில் காண்பது அரிது. அதன் கூட்டுப் பெட்டியைத் திறக்கவோ அதைத் தொடவோ உரிமம் வேண்டும், சட்டம். கொட்டை ஓட்டைப் பார்ப்பதற்கு உரிமம் வேண்டாம். நேர் பாதியாகப் பிளந்திருந்தால் அணில். இரண்டு மில்லிமீட்டர் பொட்டுத் துளையென்றால் வண்டுப் புழு வெளியேறியது. பெரிய வட்டத் துளையின் உள்விளிம்பில் குறுக்காகப் பல்தடம் இருந்தால் காட்டெலியோ பேங்க் வோல் என்ற சிற்றெலியோ. உள்விளிம்பு கடைந்தெடுத்ததுபோல வழவழப்பாக, வெளியே துளையைச் சுற்றிச் சாய்வான கீறல்களோடு இருந்தால் அதுதான் டார்மௌஸ். ஒரு சிறு லென்ஸ் கொண்டு போ, வெறுங்கண்ணுக்கு விளிம்பு ஏமாற்றும். நூறு ஓடு புரட்டியும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். கிடைத்தால் எந்தக் கூறு, எத்தனை வயது என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா