ஜார்ஜ் பக்கத்திலிருந்து

அன்பு நண்பா,

உன் கடிதங்கள் பதிலில்லாமல் மேசையில் கிடக்கின்றன. திட்டிக்கொள். முழங்கால் வலி பரவாயில்லை, வீட்டில் எல்லோரும் சுகம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பங்கில் அடுத்த கூட்டத்தில் வீடில்லாதவர்களுக்காகப் பிரான்சில் தொடங்கிய எம்மாவு இயக்கம் பிறந்த கதையைச் சொல்லும் வேலையை நம் பிரசங்கியார் என் தலையில் கட்டிவிட்டார். "பத்தே நிமிஷம்" என்கிற அதே பழைய பொய்! தெரிந்த கதைதானே என்று ஒத்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை.

கதை உனக்கும் தெரியும். 1949, பாரிஸுக்குக் கிழக்கே நுயி-ப்ளெசான்ஸ். போர்க்காலத்தில் யூதர்களை நாஜிகளிடமிருந்து காப்பாற்றி சுவிஸ் எல்லை தாண்டவைத்த பாதிரியார் ஆபே பியர் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். பாழடைந்த பெரிய வீடொன்றைப் பழுதுபார்த்து இளைஞர் விடுதியாக்கி, லூக்கா நற்செய்தியில் இயேசு இறந்தபின் மனமுடைந்த சீடர்கள் நடந்துபோன ஊரான எம்மாவுவின் பெயரை வைக்கிறார். அங்கேதான் ஜார்ஜ் வருகிறார். கொலைக் குற்றத்துக்காகப் பிரெஞ்சு கயானாவின் கைதி முகாமில் பல வருடம் கிடந்து திரும்பி, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர். பாதிரியாரிடம் கொடுக்க ஒன்றுமில்லை. சம்பளமெல்லாம் வீடில்லாதவர்களுக்குக் குடியிருப்பு கட்டுவதிலேயே போய்க்கொண்டிருந்தது. அதனால் உதவி தருகிறேன் என்று சொல்லவில்லை, எனக்கு உதவ வா என்றார். காசோ வேலையோ கொடுத்திருந்தால் மறுபடியும் சாகத்தான் போயிருப்பேன் என்று ஜார்ஜ் பின்னால் சொன்னாராம். சிறையிலிருந்து வருகிறவனுக்குப் போர்வையும் புத்திமதியும் கொடுத்து அனுப்புகிற நமக்கு இது உறைக்கிறதா?

1951 தேர்தலில் பாதிரியார் தோற்றார், சம்பளம் நின்றது. அவர் தெருவில் பிச்சையெடுத்ததை, ஜார்ஜைப் போல அங்கே வந்து சேர்ந்திருந்த தோழர்களால் பொறுக்க முடியவில்லை. குப்பையில் கந்தலும் பழைய இரும்பும் பொறுக்கி விற்கத் தொடங்கினார்கள். இன்றும் பழைய சாமான் சேகரித்துப் பழுதுபார்த்து விற்பதுதான் எம்மாவின் பிழைப்பு. 1954 பிப்ரவரி 1 அன்று, உறைபனியில் தெருவில் செத்த பெண்ணைப் பற்றி அவர் வானொலியில் பேசியதும் நன்கொடை குவிந்ததெல்லாம் பிறகு வந்தவை. பிரசங்கியாருக்கு அந்த இடம்தான் வேண்டுமாம். கண்ணீர் வருமாம்.

எனக்குத் தொண்டையில் நிற்பது வேறு. 2024 ஜூலையில் எம்மாவே வெளியிட்ட அறிக்கையைப் படித்திருப்பாய். பாதிரியார் தங்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்று ஏழு பெண்கள். பிறகு மேலும் மேலும் வந்து 30-ஐத் தாண்டியது. பிரெஞ்சு ஆயர்களில் சிலருக்கு 1950-களிலேயே தெரியும் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் பெயரில் இருந்த வீட்டுவசதி அறக்கட்டளை அந்தப் பெயரையே எடுத்துவிட்டது. நம் பிரசங்கியாரோ, "செத்தவரைப் பற்றி எதற்கு, நல்லதை மட்டும் சொல்" என்கிறார். இப்படிச் சொல்லிச் சொல்லித்தானே அந்தப் பெண்கள் வாய் மூடிக் கிடந்தார்கள்!

அதற்காக எம்மாவே பொய்யா? கந்தல் பொறுக்கியவர்கள் பொறுக்கினார்கள், வீடுகள் எழுந்தன, ஜார்ஜ் உயிரோடு இருந்தார். அதனால் கதையை ஜார்ஜ் பக்கத்திலிருந்து தொடங்கப் போகிறேன். ஆபே பியர் அதில் வருவார், அறிக்கையும் வரும். படத்தை மேடையில் வைக்க மாட்டேன். கூட்டம் எழுந்து போனால் போகட்டும்.

பிரசங்கியார் உனக்குக் கட்டாயம் போன் செய்வார், என்னிடம் நாசூக்காகப் பேசச் சொல்லி. பேசாதே. அப்புறம், நான் எழுதியதைத் தனியாக அனுப்புகிறேன். நீ எப்போதும்போல் சிவப்பு மையில் கிழித்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பு.

உன் பழைய அறைத்தோழன்