செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தின, குடியரசு தினக் கொடியேற்றமும் பொங்கல் கோலப்போட்டியும் வழக்கம்போல் நடந்தன. மழைக்கு முன் வாய்க்கால் தூர்வாரப்பட்டது. தெருவிளக்கு மனு நிலுவையில் உள்ளது.

பிளஸ் டூ மாணவர்களுக்குச் சங்கக் கட்டடத்தில் நடத்திய பொறியியல் கலந்தாய்வுப் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "குடியிருப்போர் சங்கத்துக்கு இது எதற்கு?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். நம் தெருக்களில் கல்லூரி விருப்பப் பட்டியலை அப்பாவோ மாமாவோ பிரவுசிங் சென்டர்காரரோதான் நிரப்புகிறார்கள். நான்கு வருடம் படிக்கப்போகிற பிள்ளை பக்கத்தில் நின்று ஓடிபி மட்டும் சொல்கிறது. 18 வயதில் ஓட்டுப் போடலாம் என்று 1988-லேயே அரசியல் சட்டத்தைத் திருத்தியாயிற்று. 17 வயதில் தன் பட்டியலைத் தானே எழுதக் கூடாதா?

பயிற்சிக்கு ஒரே விதி: பெற்றோர் பின்வரிசையில் உட்காரலாம், பேசக் கூடாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கட் ஆஃப் போட்டது முதல் எல்லாம் பிள்ளைகளே. ஒவ்வொரு கல்லூரிக்கும் எதிரே காரணம் எழுதச் சொன்னோம். "ஃப்ரெண்டு சேர்கிறான்" என்று எழுதிய பையனை யாரும் திட்டவில்லை. கட்டணமும் பஸ் நேரமும் விசாரித்து வரச் சொன்னோம். அடுத்த வாரம் அவனே அதைக் கீழே இறக்கிவிட்டான். கிடைக்காது என்ற பயத்தில், பிடித்த கல்லூரியைக் கீழே போட்டவர்களும் உண்டு. ஒதுக்கீடு பட்டியலின் மேலிருந்துதான் பார்க்கப்படுகிறது, ஆசைப்பட்டதை முதலில் போட்டால் நஷ்டமில்லை என்பதை மாதிரி ரேங்க் வைத்து அவர்களே கண்டுபிடித்தார்கள். நான் சொல்லியிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் தலையாட்டிவிட்டு, பட்டியலை மறுபடி அப்பா கையில்தான் கொடுத்திருப்பார்கள்.

பொறுப்பேற்ற செயற்குழு உறுப்பினர்கள் பெரும்பாலான சனிக்கிழமைகளில் வரவில்லை. கதவு திறப்பதிலிருந்து ஜெராக்ஸ் வரை நானே பார்த்துக்கொண்டேன். பிள்ளையை அனுப்பிவிட்டு இரண்டு வருடச் சந்தா பாக்கி வைத்திருக்கும் வீடுகளும் உள்ளன. பெயர் படிக்கப் போவதில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு குறைந்திருக்கிறது, கடன் இல்லை. தலைவருக்கும், நாற்காலி தந்தவர்களுக்கும், சங்க வளாகத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் அம்மாவுக்கும் நன்றி.

வரும் பொங்கல் விழாவை இளைஞர்களிடமே ஒப்படைக்க விரும்புகிறேன். ஒரு தொகையைக் கொடுத்துவிடுவோம். பந்தலா, பரிசா, மைக் செட்டா என்று அவர்களே முடிவு செய்யட்டும். பணம் பற்றாமல் போனால் பெரியவர்கள் ஓடிப்போய் ஈடுகட்டக் கூடாது. அதற்கு முதலில் அந்தத் தொகை சங்கத்தில் இருக்க வேண்டும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலில் இருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவரைப் பார்த்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.