சேகருக்கு ஒரு கடிதம்: ‘தாஸ் போட்’ மெட்டைப் பற்றி

ஹாம்பர்க்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. தோள்வலி குறைந்து மறுபடியும் கீபோர்டு முன் உட்காரத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே நாங்கள் நலமாக இருக்கிறோம். குளிர் தொடங்கிவிட்டது என்பதைத் தவிரச் சொல்வதற்குப் பெரிய செய்தி ஒன்றுமில்லை. ஆகவே நீ கிளப்பியிருக்கும் வழக்குக்கு நேராக வந்துவிடுகிறேன். பழைய மெட்டை எடுத்து, அடியில் ஒரு டிரம் மெஷினை ஓடவிட்டு, அதைப் புதுப் பாட்டு என்று விற்பவர்களைச் சொந்தமாக ஒரு வரி மெட்டுப் போடத் தெரியாதவர்கள் என்று சாடியிருந்தாய். பெரும்பாலும் நீ சொல்வது சரிதான். ஆனால் உன் தீர்ப்புக்கு அடங்காத ஒன்று நான் குடியிருக்கும் இந்த ஊரிலேயே பிறந்திருக்கிறது. அதைக் கேட்காமல் நீ வழக்கை முடித்துவிடக் கூடாது.

யு96 என்ற பெயரில் 1991இல் ‘தாஸ் போட்’ என்றொரு டெக்னோ (இயந்திரத் தாளத்தில் ஓடும் மின்னணு ஆட்ட இசை) இசைத்தட்டு வெளிவந்தது. அலெக்ஸ் கிறிஸ்டென்சன் என்ற ஹாம்பர்க் டிஜேயும், அவரோடு இங்கோ ஹவுஸ், ஹெல்முட் ஹோய்ங்கிஸ், ஹயோ லேவரென்ட்ஸ் என்ற மூன்று தயாரிப்பாளர்களும் சேர்ந்து செய்தது. பாடகர் என்று யாரும் கிடையாது. நடுநடுவே உணர்ச்சியே இல்லாத கணினிக் குரல் ஒன்று பேசும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒன்று 1992இல் ஜெர்மனியின் விற்பனைப் பட்டியலில் 13 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதுவரை டெக்னோ என்பது பெர்லினிலும் ஃபிராங்ஃபர்ட்டிலும் விடிய விடியத் திறந்திருக்கும் சில கூடங்களின் சங்கதி. பெர்லினில் ‘ட்ரெசோர்’ என்ற கூடம், பழைய பல்பொருள் அங்காடி ஒன்றின் நிலவறைப் பெட்டகத்தில், 1991 மார்ச்சில்தான் திறக்கப்பட்டிருந்தது. அந்த இசை வீட்டு வானொலிக்குள் நுழைந்ததற்கு இந்த இசைத்தட்டு ஒரு பெரிய காரணம்.

மெட்டு மட்டும் அவர்களுடையதல்ல. வூல்ஃப்காங் பீட்டர்சன் 1981இல் இதே ‘தாஸ் போட்’ என்ற பெயரில் இயக்கிய நீர்மூழ்கிக் கப்பல் படத்துக்காக கிளாவுஸ் டோல்டிங்கர் அமைத்தது. டோல்டிங்கர் அடிப்படையில் ஒரு ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர். ‘பாஸ்போர்ட்’ என்ற குழுவை நடத்தியவர். ஞாயிறு இரவுகளில் ‘டாட்டோர்ட்’ என்ற துப்பறியும் தொடருக்கு முன்னால் 1970 முதல் இந்நாடே கேட்டுவரும் முகப்பிசையும் இவர் போட்டதே. (அதில் டிரம்ஸ் வாசித்தவர் உடோ லிண்டன்பெர்க். இன்று இங்கே ஏரிக்கரை ஓட்டல் ஒன்றிலேயே நிரந்தரமாகத் தங்கியிருக்கும் பெரிய ராக் பாடகர் அவர். உனக்குப் பிடித்த ஆளாக இருப்பார்.) 1985இல் அந்தப் படம் நீட்டிக்கப்பட்டு மூன்று பகுதிகளாகத் தொலைக்காட்சியில் வந்தபோது, மெட்டு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது மெட்டுக்குள்ளே வா; உன்னோடு பேச வேண்டிய இடம் அதுதான். படத்தின் வடிவத்தில் அடியில் ஒரு தாழ்ந்த துடிப்பு டீசல் இயந்திரம் போல நிற்காமல் ஓடுகிறது. அதன் மேல் மைனர் ஸ்கேலில் அமைந்த ஒரு சிறு துணுக்கு ஏறுகிறது, தயங்குகிறது, மறுபடியும் முதலிலிருந்து ஏறுகிறது. நம் மெல்லிசைக் குழுவில் நீ அடிக்கடி சொல்வாயே, பல்லவியை விட்டுச் சரணத்துக்குப் போகும்போதுதான் பாட்டு மூச்சுவிடும் என்று, அந்த மூச்சு இந்த மெட்டுக்குக் கிடையாது. இரும்புக் கூட்டுக்குள் மாதக்கணக்கில் அடைபட்டிருக்கும் மனிதர்களுக்கு வெளியேற வழியில்லை என்பதை டோல்டிங்கர் இந்தத் திரும்பத் திரும்ப வரும் தன்மையாலேயே சொல்லிவிடுகிறார். டெக்னோவின் இலக்கணமும் இதுவேதான். ஒரு சுற்றுக்கு நான்கு அடி, எல்லா அடியும் ஒரே கனம், மேலே வந்து வந்து போகும் ஒரு துணுக்கு. ஆகவே ஹாம்பர்க்காரர்கள் அந்த மெட்டின் மேல் ஓர் இயந்திரத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. உள்ளே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் ஒலியைக் கூட்டி, வேகத்தை முடுக்கி, மேலிருந்த வாத்தியப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். நீருக்கடியில் ஒலியை வைத்துத் துழாவும் சோனார் கருவியின் ‘பிங்’ ஒலி வருகிறது, பின்னால் நீண்ட எதிரொலி. அடி விழத் தொடங்குகிறது. மெட்டு வரும்போது அது கூர்மையான ஒரு சின்தஸைசர் ஒலியில், குழைவோ கமகமோ இல்லாமல், கோடு போட்ட மாதிரி வருகிறது. படத்தில் அந்த மெட்டில் கொஞ்சம் வீரமும் கொஞ்சம் துக்கமும் இருந்தன. இங்கே இரண்டும் இல்லை. எனக்கு அது இழப்பாகத் தோன்றவில்லை. அந்த வீரம் எனக்குப் படத்திலேயே உறுத்திய விஷயம்.

இது ஏன் இந்த ஊரில் நடந்தது என்றும் நீ கேட்கலாம். அந்நாளில் ஜெர்மனியின் சிறிய ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரும்பாலும் அடாரி எஸ்டி கணினிதான் இருக்கும். சின்தஸைசரை நேரடியாகச் செருக அதன் பக்கவாட்டிலேயே மிடி துளைகள் உண்டு. அதற்காக க்யூபேஸ் என்ற இசையமைப்பு மென்பொருளை 1989இல் வெளியிட்ட ஸ்டைன்பெர்க் நிறுவனம் ஹாம்பர்க்கைச் சேர்ந்தது. ஒரு துணுக்கை எழுதி, அதை நூறு முறை அடுக்கி, எங்கே அடியை நிறுத்துவது, எங்கே விடுவது என்பதைத் திரையில் பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டும் வேலை அப்போது புதிது.

என்னை உண்மையில் சங்கடப்படுத்துவது வேறு. யு-96 இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஒரு நிஜமான ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல். லோதர்-குன்டர் புக்ஹைம் 1941இல் போர்ச் செய்தியாளராக அதில் சென்றுவந்து, 1973இல் அதை நாவலாக எழுதினார். அந்தக் கப்பல் 1945 மார்ச்சில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் அமெரிக்கக் குண்டுவீச்சில் மூழ்கியது. நீர்மூழ்கிகளில் சென்ற 40,000 ஜெர்மானியரில் 30,000 பேர் திரும்பவில்லை என்ற வரியோடுதான் படமே தொடங்குகிறது. அவர்கள் மூழ்கடித்த கப்பல்களில் இறந்தவர்களின் கணக்கு வேறு. அந்த எண்ணைச் சொல்லும் படத்தின் மெட்டுக்கு, பெர்லின் சுவர் இடிந்து மூன்று ஆண்டுகூட ஆகாத நிலையில், இருபது வயதுப் பிள்ளைகள் கை தூக்கி ஆடினார்கள். இதைக் கண்டிப்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் புக்ஹைமோ படத்தையே ஏற்கவில்லை. தன் நாவலை வெறும் சாகசக் கதையாக மாற்றிவிட்டார்கள் என்று வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். அனுபவம் நாவலாகி, நாவல் படமாகி, படத்தின் மெட்டு ஆட்டக்கூடத்துக்குப் போன வழியில், துரோகம் கடைசிப் படியில் மட்டும் நடந்தது என்று சொல்வது நியாயமாகாது. கொடி, சீருடை, பாசறைப் பெருமை எதையும் உள்ளே விடாமல், அந்தப் பிள்ளைகளுக்கு வெறும் இயந்திரத்தை மட்டும் கொடுத்த ஒரு வடிவம், படத்தைவிடவும் கொஞ்சம் பத்திரமானது என்றே நினைக்கிறேன். நீ இதை மறுப்பாய் என்று தெரியும்.

எதிர் உதாரணமும் தருகிறேன், உனக்கும் சாட்சி வேண்டுமே. ‘ஆல்ஃபாவில்’ குழு 1984இல் பாடிய ‘ஃபாரெவர் யங்’ பாட்டை 1994இல் ‘இன்டராக்டிவ்’ என்ற குழு டெக்னோவாக்கியது. மூலப் பாட்டின் உயிரே அதன் நிதானத்தில் இருக்கிறது. அணுகுண்டு விழுமோ விழாதோ என்று காத்திருக்கும் வரிகள். அதை வேகமாக ஓட்டியதில் காத்திருப்பு போய்விட்டது, பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. இதற்கு நீ என்ன திட்டு திட்டினாலும் நான் உடன்படுகிறேன்.

காசு யாருக்கு என்று கேட்டிருந்தாய். இந்நாட்டுச் சட்டம் மெட்டு விஷயத்தில் கறாரானது. அடையாளம் தெரியும் ஒரு மெட்டின் மேல் புதிதாக எதையும் கட்ட வேண்டுமானால் அதை அமைத்தவரின் சம்மதம் வேண்டும். அந்த உரிமை அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை வாரிசுகளிடம் இருக்கும். ஒலிபரப்புக்கான தொகையை ‘கெமா’ என்ற அமைப்பு வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும். ஆகவே ‘தாஸ் போட்’ தட்டின் மேல் டோல்டிங்கர் பெயர் இசையமைப்பாளராக முறைப்படி இருக்கிறது. உன் குழுவின் மெட்டுகளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டவர்களைப் பற்றி நீ எழுதிய பத்தியைப் படித்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

முதலில் படத்தின் வடிவத்தைக் கேள், பிறகு மற்றதைக் கேள். இரண்டையும் ஹெட்போனில், தாழ்ந்த ஸ்வரங்கள் நன்றாக விழும்படி. பிறகு கீபோர்டில் இடது கையால் அந்தத் துடிப்பை மட்டும் வாசித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. கமலாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். தோளை வருத்திக்கொள்ளாதே.

அன்புடன்,
ராஜன்