பலகையில் ஓடிய 60: திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு வணக்கம்.

குறிப்பாக, ஐம்பது மெஷினிலிருந்து முந்நூறு மெஷின் வரை வைத்து ஓட்டுகிறவர்களுக்கு. பெரிய ஏற்றுமதி நிறுவனங்களில் உற்பத்திக் கணக்கை அலசுவதற்கென்றே தனி டிபார்ட்மென்ட் இருக்கிறது, அவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. கட்டிங்கில் துணி விரிக்கிற ஆளாகச் சேர்ந்து, சூப்பர்வைசர், புரொடக்‌ஷன் மேனேஜர் என்று இருபத்திரண்டு வருடம் இந்த ஊரில் காலம் தள்ளியவன் நான். இப்போது கூப்பிடுகிற கம்பெனிகளுக்குப் போய்க் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன்.

கொஞ்ச நாளாகப் போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி. "டேட்டா அனலிடிக்ஸ்னு சொல்றாங்களே, நாமளும் வெக்கலாமா? எவ்வளவு ஆகும்?" புதுசாகக் கம்ப்ரஸர் இறக்குவது மாதிரி கேட்கிறீர்கள். டெமோ காட்ட வருகிறவர்களும் அப்படித்தான் விற்கிறார்கள். நேரில் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியாமல் முழித்திருக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். நிறையச் செலவு செய்து சாஃப்ட்வேர் போட்டார்கள். தையல் ஹால் சுவரில் பெரிய டிவி. எந்த லைனில் மணிக்கு எத்தனை பீஸ் இறங்கியது என்று அதில் ஓடும். நான் போன அன்று மூன்றாவது லைனில் 60, 60, 60, 60 என்று வரிசையாக நின்றது. டீ பிரேக் வந்த மணியிலும் 60. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கத் தாமதமான மணியிலும் 60. சூப்பர்வைசரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அறுபதுக்குக் கீழ போனா மேலிருந்து போன் வந்துருமுங்க. அதனால அறுபதே போட்டுருவேன். அதிகமா வந்தா எடுத்து வெச்சுக்குவேன், குறைஞ்சா அதுல ஈடு கட்டிக்குவேனுங்க" என்றார்.

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அதில் உண்மைக் கணக்கு இருந்தது. 63, 58, 41, 66. அந்த 41க்குப் பக்கத்தில் பென்சிலில் இரண்டே வார்த்தை: ரிப் வரல.

லட்சக்கணக்கில் செலவு செய்து தேடிய தகவல் அந்தப் பையில்தான் இருந்தது. டிவியில் ஓடியது ஏட்டுச் சுரைக்காய்.

ரிப் ஏன் வரவில்லை என்று பின்னாலேயே போனோம். பாடித் துணியையும் கழுத்துப் பட்டிக்கான ரிப் துணியையும் ஒரே லாட்டில் சாயம் போட்டால்தான் ஷேடு ஒத்துப் போகும். அவசரத்தில் ரிப்பைத் தனியாக அனுப்பியிருக்கிறார்கள். ஷேடு மாறி வந்தது, திருப்பி அனுப்பினார்கள், அது வரும்வரை லைன் கழுத்து இல்லாமல் நின்றது. நோட்டைப் பின்னுக்குப் புரட்டினால் நாலு மாதத்தில் பதினொரு தடவை இதே குறிப்பு. முதலாளிக்கு ஒரு தடவைகூடத் தெரியாது. அந்த நாட்களிலும் டிவியில் 60தானே?

தையல் லைனுக்கான கணக்கு பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஒரு லைனில் 25 பேர், எட்டு மணி நேரம் என்றால் 12,000 நிமிடம். ஒரு பீஸ் தைக்க மொத்தம் 7 நிமிட வேலை, அன்று 800 பீஸ் இறங்கியது என்றால் 5,600 நிமிடத்துக்குத்தான் வேலை நடந்திருக்கிறது. பாதிகூட இல்லை. இதைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு முதலில் வருகிற வார்த்தை, "டெய்லர் எல்லாம் ஏமாத்தறானுங்க." நான் பார்த்த வரையில் அந்த மீதி நிமிடங்களில் பெரும்பகுதி டெய்லர் கையில் போனதே இல்லை. பண்டில் வரக் காத்திருந்தது, நூல் கலர் மாற்றியது, கைமடிக்கு ஆள் இல்லாதது, செக்கிங்கில் தள்ளியதைப் பிரித்துத் தைத்தது, சரக்கு வாங்குகிற பையரின் அப்ரூவல் வராமல் ஸ்டைலைப் பாதியில் இறக்கி வேறு ஸ்டைல் ஏற்றியது. இந்த எதற்கும் டெய்லர் பொறுப்பில்லை. அதனால் ஒவ்வொரு டெய்லரின் பெயருக்கும் நேரே எண் போட்டு டிவியில் ஓட்டுகிற யோசனை யாருக்காவது இருந்தால், தயவுசெய்து வேண்டாம். அடுத்த வாரமே நல்ல டெய்லர் பக்கத்துக் கம்பெனியில் இருப்பார். ஆள் தட்டுப்பாட்டு ஊரில் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, பெரிய காசு எங்கே போகிறது? துணியில். ஒரு டி-சர்ட்டின் அடக்க விலையில் பாதிக்கு மேல் துணிதான், இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நாம் கவனிக்காத ஒன்று உண்டு: துணியைக் கிலோவில் வாங்குகிறோம், பீஸில் விற்கிறோம்.

பையர் கேட்டது 180 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். நிட்டிங்கில் லூப் லென்த் (ஒரு கண்ணிக்குப் போகிற நூல் நீளம்) சற்றே மாறினாலும், சுருக்கம் வந்துவிடும் என்று பயந்து காம்பேக்டிங்கில் கூட்டி அமுக்கினாலும் 188 ஆகிவிடும். கையில் தொட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பையரும் ஒன்றும் சொல்ல மாட்டார், கனமான துணி என்றால் அவருக்கு லாபம்தானே. பீஸுக்கு 200 கிராம் துணி, 50,000 பீஸ் ஆர்டர் என்றால் 10,000 கிலோ தேவை. 188இல் ஓட்டினால் ஏறக்குறைய 444 கிலோ கூடுதலாக வேண்டும். சாயம் போட்ட துணி கிலோ 400 ரூபாய் என்று வைத்தாலும் ஒன்றே முக்கால் லட்ச ரூபாயை ஒரே ஆர்டரில் பையருக்குச் சும்மா கொடுத்திருக்கிறோம். சீசன் முடிவில், "இந்தத் தடவை என்னமோ நிக்கலை" என்று சொல்வோமே, அந்த என்னமோ இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். ஜி.எஸ்.எம். கட்டர் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டித் தருகிறது. எடை போட்டு நூறால் பெருக்கினால் முடிந்தது. ஒவ்வொரு லாட்டுக்கும் வெட்டுகிறோம், ரிப்போர்ட் எழுதுகிறோம், பையர் ஃபைலில் போட்டு மூடுகிறோம். அதே எண்ணை டையிங்காரர் வாரியாக, கலர் வாரியாக ஒரு எக்செல் தாளில் வரிசையாக அடித்துப் பாருங்கள். பக்கத்திலேயே டி.சி. (டெலிவரி சலான்) புத்தகத்திலிருந்து எத்தனை கிலோ சாயத்துக்குப் போனது, எத்தனை கிலோ திரும்பி வந்தது என்பதையும் போடுங்கள். எந்த யூனிட்டில் எடை அதிகமாகக் குறைகிறது, யாரிடம் போனால் கருநீலம் இரண்டாவது தடவை ஓட்ட வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் மூன்று மாதத்துக் கணக்கில் தானாகத் தெரிந்துவிடும். நமக்கு இதுவரை டையிங் யூனிட்டைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த வழி, மாமன் மச்சான் உறவும் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைப்பும்தான்.

ஆள் வரவும் அப்படியே. சனிக்கிழமை சம்பளம் போட்டால் திங்கட்கிழமை எத்தனை மெஷின் காலியாக இருக்கும் என்பது உங்கள் வருகைப் பதிவேட்டில் வருடக்கணக்காக இருக்கிறது. பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் சத் பூஜைக்கு எப்போது கிளம்பி எப்போது திரும்புகிறார்கள் என்பதும் இருக்கிறது. ஆனால் பையருக்கு ஷிப்மென்ட் தேதி கொடுக்கும்போது மட்டும் எல்லா மெஷினிலும் ஆள் இருப்பதாக வைத்துக் கணக்கு போடுகிறோம். பிறகு கடைசி வாரம் ராத்திரி பகலாக ஓட்டி, அதற்கும் முடியாமல் விமானத்தில் அனுப்பி, லாபத்தை ஏர்லைன்ஸிடம் கொடுத்துவிட்டு வருகிறோம்.

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்கு மீதான அமெரிக்கக் கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டபோது எல்லோருக்கும் பையரிடமிருந்து தள்ளுபடி கேட்டு மெயில் வந்தது. எனக்குத் தெரிந்த பலர் பயத்தில் எல்லா ஸ்டைலுக்கும் ஒரே சதவீதத்தைக் குறைத்துக் கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் ஒரு நாள் அவகாசம் கேட்டார். ஸ்டைல் வாரியாக உண்மையில் எவ்வளவு துணி பிடித்தது, எத்தனை நிமிடம் ஆனது என்று அவரிடம் பழைய ஆர்டர்களின் கணக்கு இருந்தது. எதிர்பாராமல், எல்லோரும் லாபம் என்று நினைத்திருந்த பிரின்ட் போட்ட குழந்தைகள் செட் ஏற்கெனவே நஷ்டத்தில் ஓடியிருந்தது. சாதாரண ரவுண்ட் நெக்தான் கம்பெனியைத் தாங்கிக்கொண்டிருந்தது. ரவுண்ட் நெக்கில் விட்டுக் கொடுத்தார், குழந்தைகள் செட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அந்த நேரத்தில் எவ்வளவு தைரியம் வேண்டும்! அந்தத் தைரியம் அவருக்குக் கணக்கிலிருந்து வந்தது.

அளந்து மாறுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது திருப்பூர் முடிந்தது என்றார்கள். அதற்கப்புறம் கழிவுநீருக்குக் கணக்கு வைத்தோம், அதிலிருந்து தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தக் கற்றுக்கொண்டோம். நொய்யல் ஆற்றுக்காக நாமாக விரும்பிச் செய்ததில்லை, கோர்ட் கழுத்தில் கத்தி வைத்ததால் செய்தோம், அது வேறு விஷயம். இன்னொரு கத்தியும் வந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 18 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ், துணிமணிகளுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கப் போகிறார்கள். நூல் எங்கிருந்து வந்தது, என்ன சாயம் என்று ஒவ்வொன்றுக்கும் பதிவு கேட்பார்கள். அப்போது 60, 60 என்று போட்டு ஒப்பேற்ற முடியாது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். எந்த சாஃப்ட்வேருக்கும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று மாதம், மோசமான எண்ணைக் கொண்டுவருகிறவரைத் திட்டாமல் இருந்து பாருங்கள். 41 என்று சொன்னால் "ஏன் குறைந்தது" என்று கத்தாமல், "எது வரவில்லை" என்று கேளுங்கள். அந்த வாரமே ரிப்பை நேரத்துக்கு வரவைத்துக் காட்டுங்கள். எழுதினால் வேலை நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் சூப்பர்வைசர் நோட்டைப் பையில் ஒளிக்க மாட்டார். மிச்சமாகிற காசில் ஒரு பங்கு லைன் ஆட்களுக்கும் போகட்டும். சனிக்கிழமைக் கவரில் ஐம்பது ரூபாய் கூடினாலும் அவர்கள் புரிந்துகொள்வார்கள். அப்புறம் வாங்குங்கள் டிவியை, நானே கூட வந்து பேரம் பேசித் தருகிறேன்.

மூன்று மாதம் நீளமாகத் தெரிந்தால், நாளை காலை ஒரே ஒரு காரியம். கம்பெனிக்குள் நுழைந்ததும் ஜி.எஸ்.எம். கட்டர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேளுங்கள். அதற்கு பிளேடு மாற்றி எத்தனை மாதம் ஆகிறது என்றும் கேளுங்கள்.

அன்புடன்,
பழைய புரொடக்‌ஷன் மேனேஜர் ஒருவன்