படம் முடிஞ்சாச்சு, மெம்பர்ஷிப் காசு இன்னும் கட்டணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க சினிமா இணைப்புல ஹாலிவுட் படக் கம்பெனிங்க நடத்துற ஃபேன் கிளப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. படத் தொடர் முடிஞ்சு போனாலும் உண்மையான ரசிகர்னா மெம்பர்ஷிப்பை விடாம புதுப்பிச்சுட்டே இருக்கணும், அதுதான் அந்தப் படத்துக்கு நாம செய்ற மரியாதைன்னு முடிச்சிருந்தீங்க. எனக்கு இது சரியா படலைங்க. நானும் இந்தப் படங்கள்ல ஊறிப்போன ஆளுதான், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன், இடம் இல்லைன்னா சுருக்கி போட்டாலும் பரவாயில்ல, ஆனா விஷயம் படிக்கிறவங்களுக்கு போய் சேரணும்.

காசு கட்டுறதே வேஸ்ட்னு நான் சொல்ல வரல. படம் ஓடிட்டு இருக்கும்போது கட்டுற காசு வேற, படம் முடிஞ்ச பிறகு கட்டுற காசு வேற. அந்த கிளப்பை என்னைக்காவது ஒரு நாள் மூடத்தான் போறாங்க, மூடுற அன்னைக்கு நம்ம கையில என்ன மிஞ்சும்? கட்டுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி அதுதான், உங்க கட்டுரையில அதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல.

விண்வெளிக் கதை சொல்ற ஸ்டார் வார்ஸ் படத் தொடரையே எடுத்துக்குவோம், ஏன்னா இந்த விஷயத்துல அவங்களுக்கு இருக்கிற வரலாறு ரொம்ப நீளம். 2003-ல அவங்க வெப்சைட்ல ஹைப்பர்ஸ்பேஸ்னு காசு கட்டுற மெம்பர்ஷிப் ஒண்ணு ஆரம்பிச்சாங்க, வருஷத்துக்கு கிட்டத்தட்ட 20 டாலர். அப்ப மூணாவது எபிசோட் (கதை வரிசையில மூணாவது, வெளிவந்த வரிசையில ஆறாவது படம்) ஷூட்டிங் சிட்னியில ஃபாக்ஸ் ஸ்டூடியோல நடந்துட்டு இருந்துச்சு. செட்டுல ஒரு வெப்கேம் வெச்சு மெம்பர்ஸுக்கு மட்டும் காட்டுனாங்க, ஷூட்டிங் ஸ்பாட்ல இருந்து செட் டைரி எழுதி போட்டாங்க. யோசிச்சு பாருங்க, யூடியூப்பே இல்லாத காலம், உலகத்துல எங்கேயோ ஒரு மூலையில உக்காந்துட்டு ஸ்டார் வார்ஸ் செட்ல ஆளுங்க நடக்குறதை பாக்கலாம்னா அந்த 20 டாலர் ஒண்ணுமே இல்ல, நானா இருந்தாலும் கண்ணை மூடிட்டு கட்டியிருப்பேன்.

ஆனா 2005 மே மாசம் படம் ரிலீஸ் ஆயிடுச்சு, ஆறு படமும் முடிஞ்சுது, வெப்கேம்ல பாக்க ஷூட்டிங்கும் இல்ல, எழுத டைரியும் இல்ல. அப்பதான் எல்லா ரசிகர்களும் ஒரே கேள்வியை கேக்க ஆரம்பிச்சாங்க, இனிமே இதுக்கு காசு கட்டணுமான்னு. கம்பெனி பக்கமும் சும்மா இருந்தாங்கன்னு சொல்ல முடியாது, மெம்பர்ஸ் பிளாக் எழுத இடம் குடுத்தாங்க, மெம்பர்ஸுக்கு மட்டும்னு சிறுகதை போட்டாங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச ஒண்ணு என்னன்னா, படத்துல பின்னாடி ஒரு செகண்ட் வந்துட்டு போற பேர் தெரியாத ஆளுங்களுக்கு மெம்பர்ஸையே கதை எழுதி அனுப்ப சொன்னாங்க, அதுல நல்லதா எடுத்து படத்துல வர்ற ஆளுங்க, இடங்க பத்தி வெப்சைட்ல வெச்சிருக்கிற அவங்க அதிகாரப்பூர்வ டேட்டாபேங்க்லயே சேர்த்தாங்க. ஒரு ரசிகனுக்கு இதை விட வேற என்ன வேணும் சொல்லுங்க.

சரி, அதுக்கப்புறம் என்ன ஆச்சு? சில வருஷத்துல ஹைப்பர்ஸ்பேஸை மூடிட்டாங்க, பிளாக் போச்சு, மெசேஜ் போர்டு போச்சு. 2012-ல ஸ்டார் வார்ஸ் எடுத்த லூகாஸ்ஃபிலிம் கம்பெனியே டிஸ்னி கைக்கு மாறுச்சு, 2014-ல பழைய நாவல், காமிக்ஸ், கதை எல்லாத்தையும் லெஜண்ட்ஸ்னு ஒரு ஓரமா ஒதுக்கி வெச்சு, இனி வர்ற படங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. காசும் கட்டி ராத்திரி முழிச்சு எழுதுனவங்க எழுத்து இன்னைக்கு கொஞ்சமாவது படிக்க கிடைக்குதுன்னா அதுக்கு காரணம் அந்த கிளப் இல்லைங்க, சம்பளம் வாங்காம ஸ்டார் வார்ஸுக்குன்னே வூக்கிபீடியாங்கிற ஆன்லைன் கலைக்களஞ்சியம் நடத்துற ரசிகர்களும் பழைய பக்கங்களை சேமிச்சு வைக்கிற இன்டர்நெட் ஆர்கைவும்தான். காசு வாங்குனவங்க காப்பாத்தல, வாங்காதவங்க காப்பாத்துனாங்க. இது எனக்கு இன்னைக்கும் மனசுக்கு ஆறல.

இதுக்கு பக்கத்துல லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படத் தொடரோட கிளப்பை வெச்சு பாருங்க. முதல் படத்தோட எக்ஸ்டெண்டட் எடிஷன் டிவிடி, அதாவது கூடுதல் காட்சிகள் சேர்த்தது, 2002 நவம்பர்ல வந்துச்சு. ஆரம்பத்துலயே சேர்ந்த சார்ட்டர் மெம்பர்ஸ் 40 டாலருக்கு அஞ்சு சென்ட் கம்மியா கட்டியிருந்தாங்க, அன்னைய கணக்குக்கு நம்ம ரூபாயில 1,900 சொச்சம். அவங்க எல்லார் பேரையும் படம் முடிஞ்சு வர்ற கிரெடிட்ஸ்லயே போட்டுட்டாங்க! இருபது நிமிஷம் கிட்ட வெறும் ரசிகர்கள் பேரா ஓடும், பின்னாடி அந்த அருமையான இசை. எங்க பெரியப்பா பையன் அப்ப அமெரிக்காவுல வேலையில இருந்தான், அவன் பேரும் அதுல இருக்கு. ஒரு தடவை லீவுக்கு ஊருக்கு வந்தப்ப டிவிடியை எடுத்துட்டு வந்தான், ஹால்ல எல்லாரும் உக்காந்திருக்கோம், அவன் ரிமோட்டை வெச்சு ஓட்டுறான், நிறுத்துறான், கொஞ்சம் பின்னாடி போறான், திரும்ப நிறுத்துறான், பொடி எழுத்துல நெருக்கமா மூணு நாலு வரிசையா பேர் ஓடுது, திடீர்னு பெரியம்மா எந்திரிச்சு போய் டிவி மேலயே விரலை வெச்சு இதுதானேடா உன் பேருன்னாங்க. அவங்களுக்கு அந்தப் படத்துல ஒரு வார்த்தை புரியாது. ஆனா அந்த டிவிடி இன்னைக்கும் அவங்க பீரோவுல பத்திரமா இருக்கு.

அந்த கிளப்லயே ஒரு பத்திரிகையும் வந்துச்சு, ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு. மூணாவது படம் 2003 டிசம்பர்ல வந்து, அது 11 ஆஸ்கர் வாங்கி, அதோட எக்ஸ்டெண்டட் எடிஷனும் 2004 டிசம்பர்ல வந்த பிறகு கொஞ்ச நாள்ல பத்திரிகையை நிறுத்திட்டாங்க, மொத்தம் 18 இதழ். அண்ணன்கிட்ட இருக்கிற இதழ்களை நான் புரட்டி பாத்திருக்கேன், ஸ்டேப்ளர் பின் துருப்பிடிச்சு தாள்ல பழுப்பா கறை இறங்கியிருக்கும், ஆனா வாள் செஞ்சவர், கவசம் பின்னுனவர், மினியேச்சர் கோட்டை கட்டுனவங்கன்னு எல்லார் கூடவும் பேசி எடுத்த விஷயம் அத்தனையும் அப்படியே இருக்கு. கிளப் செத்துப் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, அவன்கிட்ட இருந்து யாரும் எதையும் திருப்பி வாங்கல, வாங்கவும் முடியாது.

படம் முடிஞ்ச பிறகு காசு கட்டவே கூடாதுன்னு ஒரேயடியா சொல்லிடவும் முடியாது, அதையும் நான் ஒத்துக்குறேன். ஸ்டார் வார்ஸோட முதல் ஃபேன் கிளப் 1978-ல ஆரம்பிச்சது, பாந்தா ட்ராக்ஸ்னு ஒரு செய்தி இதழ் போஸ்ட்ல அனுப்புவாங்க. மூணாவது படம் 1983-ல வந்துச்சு, அதுக்கப்புறம் புதுப் படம் வரும்னு யாருக்கும் நம்பிக்கை இல்ல, 1987-ல அந்த கிளப் மூடியாச்சு. அதே வருஷம் அமெரிக்காவுல கொலராடோவுல டான் மேட்சன்னு ஒருத்தர் லூகாஸ்ஃபிலிம் ஃபேன் கிளப்பை ஆரம்பிச்சு பத்திரிகை நடத்துனாரு, 1994-ல அதுக்கு ஸ்டார் வார்ஸ் இன்சைடர்னு பேரே மாத்துனாங்க. இடையில அத்தனை வருஷம் படம் கிடையாது, ஆனாலும் சந்தா கட்டுனவங்க புத்திசாலிங்கதான், ஏன்னா அப்ப வீட்டுல இன்டர்நெட் இல்ல, அந்தப் பத்திரிகையை விட்டா செய்தி தெரிஞ்சுக்க வழி ரொம்ப கம்மி, அதுவும் போக தாள்ல அச்சடிச்சது, நம்ம கையில நிக்கும். இன்னைக்கு நிலைமை அப்படியா? கம்பெனி ஒரு டிரெய்லர் விட்டா மெம்பருக்கும் மெம்பர் இல்லாதவனுக்கும் ஒரே நிமிஷத்துல வந்துடுது.

அப்ப இன்னைக்கு எதுக்கு காசு வாங்குறாங்க? எங்க நாத்தனார் பொண்ணு காலேஜ் படிக்கிறா, முடிஞ்சு போன ஒரு படத் தொடரோட கிளப்ல (எந்தப் படம்னு வேணாம்) பாக்கெட் மணில சேர்ந்திருந்தா. முதல் வருஷம் வால்பேப்பர், பேட்டி, ஆன்லைன் சந்திப்புன்னு ஏதோ வந்துச்சு. அடுத்த வருஷம் மெயிலை திறந்தா வெறும் டீஷர்ட் ஆஃபர், மக் ஆஃபர், அதையும் கிளிக் பண்ணி அட்ரஸ் போட்டா உங்கள் நாட்டுக்கு டெலிவரி கிடையாதுன்னு வருது. கடையில தள்ளுபடி வேணும்னா நேரா கடைக்கு போயிட்டா போச்சு, அதுக்கு எதுக்கு தனியா ஒரு சந்தா? அந்தப் புள்ள பாவம், ஆசையா சேர்ந்தது, அடுத்த வருஷக் காசு தானா போகப் போகுதுன்னு பேங்க்ல இருந்து மெசேஜ் வந்தப்பதான் எங்ககிட்ட வந்து கேட்டா.

இந்த மெசேஜ் பத்தி உங்க வாசகர்களுக்கு கட்டாயம் சொல்லணும், நிறைய பேருக்கு தெரியல. 2021 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி, கார்டுல இருந்து தானா பிடிக்கிற சந்தா எதுவா இருந்தாலும் பிடிக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே நமக்கு தகவல் வந்தாகணும், வேண்டாம்னா அங்கேயே நிறுத்திக்கலாம். 15,000 ரூபாய்க்கு மேலன்னாதான் ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேக்கும், கிளப் சந்தா எல்லாம் அதுக்கு ரொம்ப கீழ, அதனால ஓடிபி வரல, காசு போகாதுன்னு நினைச்சுட்டு இருந்துடாதீங்க, அந்த எஸ்எம்எஸ்ஸை ஏதோ விளம்பரம்னு தள்ளி விட்டா காசு போயிடும். டாலர்ல போற காசுக்கு மேல பேங்க் கமிஷன் தனியா பிடிப்பான், அதையும் சேர்த்து கணக்கு போடுங்க.

அப்புறம், காசு கட்டுறதுதான் மரியாதைன்னு எழுதியிருந்தீங்கள்ல, அது எனக்கு நெஞ்சுல தைச்சது. ஃபைவ் நாட் ஃபர்ஸ்ட் லீஜியன்னு ஒரு கூட்டம் இருக்கு, ஸ்டார் வார்ஸ் வில்லன் படையோட டிரஸ் போடுற ரசிகர்கள், 1997-ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது. சேர்றதுக்கு சந்தா கிடையாது, ஆனா கவசம் படத்துல இருக்கிற மாதிரியே அச்சு அசலா இருக்கணும், அதை அவங்கவங்க கைக்காசு போட்டு மாசக்கணக்குல உக்காந்து செய்றாங்க, போட்டுட்டு ஆஸ்பத்திரியில இருக்கிற குழந்தைகளை பாக்க போறாங்க, தர்ம காரியங்களுக்கு நிதி திரட்டுறாங்க. 2007 புத்தாண்டு அன்னைக்கு கலிஃபோர்னியா ரோஸ் பரேட்ல ஜார்ஜ் லூகாஸ் கூடவே ஊர்வலம் போனாங்க, படத்தை எடுத்தவரே கூப்பிட்டு பக்கத்துல நிறுத்திக்கிட்டாரு. இவங்க மரியாதை எந்த சந்தாவுல வருது? ரிங்ஸ் ரசிகர்கள் 1999-ல இருந்து சம்பளம் இல்லாம நடத்துற ஒன்ரிங் வெப்சைட் காரங்க 2004 ஆஸ்கர் ராத்திரி ஒரு விருந்து வெச்சாங்க, ரிங்ஸ் பட டைரக்டர் பீட்டர் ஜாக்சன் விருதெல்லாம் வாங்கிட்டு அவங்களை பாக்க வந்தாரு.

காசு கட்டித்தான் ஆகணும்னு மனசு சொல்லுதா, அதுக்கும் நல்ல இடம் இருக்கு. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் நாவலை எழுதுன டோல்கீன் பேர்ல இங்கிலாந்துல டோல்கீன் சொசைட்டி 1969-ல ஆரம்பிச்சது, படம் வர்றதுக்கு முப்பது வருஷத்துக்கும் முன்னாடி, படம் முடிஞ்ச பிறகும் நடக்குது. வருஷ சந்தா உண்டு, ஆனா அது பதிவு பண்ணுன தர்ம அமைப்பு, மெம்பர்ஸே கமிட்டியை தேர்ந்தெடுக்கிறாங்க, பொதுக்குழு கூடுது, வரவு செலவு காட்டுறாங்க, பத்திரிகை வருது, அவங்க ஆராய்ச்சி இதழோட பழைய கட்டுரைகளை மெம்பர் இல்லாதவங்களும் ஆன்லைன்ல படிக்க விட்டிருக்காங்க. 1974-ல இருந்து ஆக்ஸ்ஃபோர்டுல ஆண்டு சந்திப்பு நடத்துறாங்க. அங்க நீங்க மெம்பர்னா உங்களுக்கு ஓட்டு இருக்கு, கம்பெனி கிளப்ல நீங்க மெம்பர்னா உங்ககிட்ட ஒரு பாஸ்வேர்டு இருக்கு, அவ்வளவுதான். கிளப்பை மூடுறப்ப உங்களை யாரும் கேக்க மாட்டாங்க.

அதனால கம்பெனிங்ககிட்டயும் சில விஷயம் கேக்கணும், உங்களை மாதிரி பத்திரிகைங்க கேட்டாதான் பதில் வரும். மூடப் போறீங்கன்னா ஆறு மாசம் முன்னாடி சொல்லுங்க. மெம்பர்ஸ் எழுதுனதை, வரைஞ்சதை அவங்களே டவுன்லோட் பண்ணி எடுத்துக்க வழி விடுங்க. மெம்பர்ஸுக்கு மட்டும்னு போட்ட கதை, பேட்டி எல்லாத்தையும் கடைசில ஒரு புத்தகமாவோ டிஜிட்டல் ஃபைலாவோ குடுத்துட்டு போங்க. தொடர் முடிஞ்ச மறு வருஷத்துல இருந்து ஆட்டோ ரின்யூவலை நிறுத்திட்டு, வேணுங்கிறவங்க தானா வந்து கட்டட்டும். இதெல்லாம் செய்ய அவங்களுக்கு பெரிய செலவு ஒண்ணும் ஆகாது, மனசு இருந்தா போதும்.

ஆசிரியர் சார், அடுத்த தடவை இந்த மாதிரி மெம்பர்ஷிப் அறிவிப்பை உங்க பக்கத்துல போடும்போது விலையும் சலுகையும் மட்டும் போட்டு விட்டுடாதீங்க. இந்தியாவுக்கு பொருள் அனுப்புவாங்களா, சந்தாவை எங்க போய் நிறுத்தணும், கிளப் மூடுனா மெம்பருக்கு என்ன கிடைக்கும், இந்த மூணையும் அவங்ககிட்ட கேட்டு அவங்க பதிலோட சேர்த்து போடுங்க, பதில் சொல்லலைன்னா சொல்லலைன்னும் போடுங்க. எங்க நாத்தனார் பொண்ணு மாதிரி பாக்கெட் மணியில கட்டுற பசங்கதான் அந்தப் பக்கத்தை முதல்ல புரட்டுறாங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
திருச்சி