பிஎச் 7.8 சரி, எந்த அளவுகோலில்?

கடல் ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கடல்நீரின் கார்பன் வேதியியல் மாறிவருவதும், தாவர மிதவை உயிரிகள் இனத்துக்கு இனம் வெவ்வேறாக அதற்கு ஈடுகொடுப்பதும் நீங்கள் அறியாததல்ல. எனவே நேரே செய்திக்கு வருகிறோம். அண்மையில் வெளியான, இவ்வுயிரிகளை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்த இன்னொரு சோதனைக் கட்டுரையிலும் அதே பழைய வரி: "வளர்ப்பு ஊடகத்தின் பிஎச் 7.8 ஆக வைக்கப்பட்டது." நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் இந்த எண்ணுக்கு அளவுகோல் இல்லை, வெப்பநிலை இல்லை, நீர் அமிலத்தை ஈடுசெய்யும் திறனாகிய மொத்தக் காரத்தன்மை இல்லை.

இந்த ஒரு வரி செய்யும் கேட்டைப் பாருங்கள். பிஎச்சுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல்கள் உண்டு. என்பிஎஸ் எனப்படும் நன்னீர்த் தாங்கல் கரைசலில் அளவுதிருத்திய கண்ணாடி மின்வாய், கடல்நீருக்கென அமைந்த மொத்த அளவுகோலைவிட ஏறத்தாழ 0.13 கூட்டிக் காட்டும். அந்த வேறுபாடும் மின்வாய்க்கு மின்வாய் மாறுவதால் பின்னால் உட்கார்ந்து திருத்தவும் வழியில்லை. 0.13 என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவில் 35 விழுக்காடு. தொழிற்புரட்சிக்குப் பின் மேற்பரப்புக் கடல்நீரில் பிஎச் இறங்கியதே 0.1 அளவுதான்! அளக்க வந்த மாற்றத்தைவிட அளவுகோல் குழப்பம் பெரிதாக இருக்கிறது. அப்படிப்பட்ட தரவை ஒப்பீட்டில் சேர்த்தால் பிழை, ஒதுக்கினால் அத்தனை உழைப்பும் வீண்.

ஆகவே எங்கள் கோரிக்கை: மொத்தக் காரத்தன்மை, கரைந்த கனிமக் கார்பன் (கார்பன் டை ஆக்சைடு, பைகார்பனேட், கார்பனேட் மூன்றின் கூட்டு), பிஎச் ஆகியவற்றில் இரண்டையாவது நேரடியாக அளந்து, வெப்பநிலை, உப்புத்தன்மை, அளவுகோல், மற்றவற்றைக் கணக்கிடப் பயன்படுத்திய சமநிலை மாறிலிகள் ஆகியவற்றோடு தராத கட்டுரையை ஏற்காதீர்கள். எந்த இரண்டை அளந்தார்கள் என்பதும் முக்கியம். காரத்தன்மையும் கனிமக் கார்பனும் கொண்டு கணக்கிட்ட கார்பன் டை ஆக்சைடு அழுத்தம், காரத்தன்மையும் பிஎச்சும் கொண்டு கணக்கிட்டதைவிட 30 விழுக்காடு வரை குறைந்து வந்ததுண்டு.

சோதனைக்காக நீரின் பிஎச்சை மாற்றிய முறையையும் எழுதச் சொல்லுங்கள். அமிலம் சேர்த்தால் காரத்தன்மை குறையும். மூடிய குடுவையில் கனிமக் கார்பன் மாறாது. கார்பன் டை ஆக்சைடைக் குமிழியிட்டால் காரத்தன்மை நிலைக்கும், கனிமக் கார்பன் ஏறும். பிஎச் ஒன்றாயிருந்தாலும் இரண்டும் ஒரே நீரல்ல. சுண்ணத் தகடு போர்த்த தாவர மிதவை உயிரியான எமிலியானியா ஹக்ஸ்லியியில் சுண்ணமாக்கம் (தகடு உருவாக்குதல்) கார்பன் டை ஆக்சைடு கூடும்போது குறைகிறது என 2000-இலும், கூடுகிறது என 2008-இலும் வந்த முடிவுகளை ஒட்டி இந்த முறையைப் பற்றித்தான் வாதிட்டோம். இரு முறையையும் ஒரே வளர்ப்பில் வைத்துப் பார்த்தபோது விளைவு ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. உயிரியின் உள்வகைக்கு உள்வகை இருக்கும் வேறுபாட்டின் மேல் கவனம் திரும்பியது. வேதியியலை முழுதாக எழுதிவைத்தவர்களால்தான் அதுவும் தெளிவானது.

தொடக்க அளவு மட்டும் போதாது. செல்கள் பெருகப் பெருகக் கனிமக் கார்பனை இழுத்துக்கொள்ளும், பிஎச் ஏறும். இழப்பு 5 விழுக்காட்டைத் தாண்டுமுன் சோதனையை முடிக்க வேண்டும். முடிவு அளவு இல்லாமல் அதை யார் அறிவது? சுண்ணத் தகடுள்ள உயிரிகளில் மாதிரியை வடிகட்டாவிட்டால் தகடுகள் காரத்தன்மையை அளக்கச் சேர்க்கும் அமிலத்தில் கரைந்து காரத்தன்மையைப் பொய்யாக ஏற்றும். மாதிரியில் பாதரசக் குளோரைடிட்டு உயிர்ச்செயல்களை நிறுத்தினார்களா, அளவுகள் முன்பே சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு நீரோடு சரிபார்த்தார்களா என்று இரண்டு வரி கேட்டால் என்ன குறைந்துவிடும்?

மேற்கோள் பட்டியலில் ஒரு கால்புள்ளி இடம் மாறினால் கட்டுரையைத் திருப்பி அனுப்பும் கண்கள் உங்களுடையவை. அந்தக் கூர்மையில் கொஞ்சம் வேதியியல் அளவுகளின் அட்டவணைக்கும் ஒதுக்கலாம். "கேட்டால் தரவு தரப்படும்" என்ற வாக்கியத்தையும் அன்புகூர்ந்து தடை செய்யுங்கள். கேட்டவர்களுக்குத் தெரியும் அதன் மதிப்பு.

மன்னியுங்கள், சற்றுக் கடுமையாகிவிட்டது. பணிவோடே மறுபடி கேட்கிறோம்: அளந்த இரண்டு அளவுகள், தொடக்கத்திலும் முடிவிலும், அளவுகோலோடு. அடுத்த இதழின் ஆசிரியர் வழிகாட்டியில் இதற்கு ஒரு பத்தி சேருங்கள். வரைவு வேண்டுமானால் எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடல் கார்பன் வேதியியலில் பணிபுரிவோர் சிலர்